நாடு திரும்புகிறேன் என்று எழுதிய ஒரு வரி: பிரெஞ்சு வாத்தியார் ஒருவரின் கடைசிச் சம்பளம்

2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் அன்று காலையில் கதவைத் திறந்துவைத்தால் ராத்திரி வரை ஆள் வந்துகொண்டே இருக்கும். மேல்மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்த புதுச்சேரித் தம்பியும் மதியம் வந்தார். ஊரில் பிரெஞ்சு படித்துவிட்டு இங்கே கோலாலம்பூரில் ஒரு தனியார் மொழி மையத்தில் அதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். முறுக்கை உடைத்து வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "அக்கா, இன்னையோட வேலை முடிஞ்சுது, ஆனா சம்பளம் போடல" என்றார். பண்டிகை என்பதால் மற்றவர்களுக்கெல்லாம் 28-ஆம் தேதியே போட்டாயிற்றாம்.

நான் வக்கீல் இல்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்பெனியில் 17 வருஷமாகச் சம்பளப் பட்டியல் போடும் கிராணி. ஃபிளாட்டில் யாருக்குச் சம்பளப் பிரச்சினை வந்தாலும் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். இந்த விவகாரத்தை மட்டும் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கிட்ட இருந்து பார்த்தேன், அதனால் முழுசாக எழுதுகிறேன். தம்பியிடம் கேட்டுக்கொண்டேன். அவர் பெயரும் வேண்டாம், மையத்தின் பெயரும் வேண்டாம்.

ஒப்பந்தம்

2023 மார்ச்சில் ஒரு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தார், 2024 மார்ச்சில் இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்தார்கள். மாதம் 4,500 ரிங்கிட். அப்போதைய கணக்கில் இது வேலை பாஸின், அதாவது வெளிநாட்டவர் இங்கே வேலை செய்வதற்கான அனுமதியின், மூன்றாம் பிரிவு, அதாவது 3,000 முதல் 4,999 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கானது, ஒரு தடவைக்கு 12 மாதத்துக்கு மேல் தரமாட்டார்கள். வாரத்துக்கு 25 மணி நேரம் வகுப்பு. அதற்கு மேல் எடுத்தால், எழுத்துமூல ஒப்புதல் இருந்தால், மணிக்கு 50 ரிங்கிட். வருடத்துக்கு 14 நாள் விடுப்பு. விலகுவதானால் இரண்டு பக்கமும் இரண்டு மாத நோட்டீஸ். இதெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தில்தான் மூன்று வில்லங்கம்: காலம் முடியுமுன் விலகினால் ஆள் எடுத்த செலவு, விசா செலவு என்று 9,000 ரிங்கிட் கட்ட வேண்டும், விலகி ஒரு வருடத்துக்கு மலேசியாவில் வேறெங்கும் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கக் கூடாது, கடப்பிதழ் 'பாதுகாப்புக்காக' அலுவலகத்தில் இருக்கும்.

விலகியதற்குக் காரணம் சனிக்கிழமைகள். ஏப்ரலில் இருந்து சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏ2 நிலை மாணவர்களுக்கு இரண்டு மணி நேரம், டெல்ஃப் என்கிற பிரெஞ்சு மொழித் தேர்வுக்குத் தயார்செய்யும் வகுப்பு. செப்டம்பர் கடைசி வரை 22 வகுப்புகள் எடுத்திருக்கிறார், ஒன்றுக்கும் காசு வரவில்லை. கேட்டால் "அடுத்த மாசம் சேர்த்துப் போடுறோம்". இதற்கிடையில் பினாங்கில் ஒரு இடத்தில் 2025 ஜனவரியில் இருந்து வேலை தருவதாகச் சொன்னார்கள், அங்கே சம்பளமும் கூட.

சரி, ஆகஸ்டு 30-ஆம் தேதி, சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள், ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். இரண்டு பிரதி எடுத்துப் போயிருந்தார். முன்மேசையில் இருந்த மலாய்ப் பெண் பழக்கதோஷத்தில் இரண்டிலும் 'டிதெரிமா', அதாவது பெற்றுக்கொண்டோம் என்ற முத்திரை குத்தி, தேதி போட்டு, ஒரு சுழியும் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீலமையில் கொஞ்சம் சாய்வாக விழுந்த முத்திரை, '30 ஓகோஸ் 2024'. பின்னால் மையம் "ஓடிப்போய்விட்டார் என்று இமிகிரேஷனில் புகார் கொடுப்போம்" என்று மிரட்டியபோது அவர் கையில் இருந்த ஒரே கவசம் அதுதான். அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை தெரியாது, அவர் செய்த உபகாரம் எவ்வளவு பெரிசு என்று.

ஆனால் அதே கடிதத்தில்தான் வினையும் இருந்தது. அதற்கு வருகிறேன்.

நான் முதலில் சொன்ன தப்பு

தீபாவளியன்று அவர் கேட்டதுமே, "சம்பளத்தைப் பிடிச்சு வைக்க அவங்களுக்கு உரிமையே இல்ல தம்பி" என்று அடித்துச் சொன்னேன். சட்டப்படி அதில் முக்கால்வாசி சரி. 1955 வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1-இல் இருந்து எவ்வளவு சம்பளம் வாங்குகிறவருக்கும் பொருந்தும், குடியுரிமையும் அது பார்ப்பதில்லை. நோட்டீஸ் கொடுத்து முறையாக ஒப்பந்தம் முடிந்தால், முடிகிற அந்த நாளுக்குள்ளேயே பாக்கி எல்லாம் கொடுத்தாக வேண்டும், 20-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பொதுவாகச் சம்பளத்துக்கு இருக்கிற ஏழு நாள் அவகாசம் இதற்குக் கிடையாது.

மிச்சக் கால்வாசியை நான் மறந்துபோனேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் எங்கள் கம்பெனியில் வெளிநாட்டு என்ஜினியர் யாராவது ஊருக்குத் திரும்பினால் அதற்கான பாரத்தை, அதாவது படிவத்தை, நிரப்புகிறவளே நான்தான். சிபி21 என்று பெயர். ஊழியர் மலேசியாவை விட்டு மூன்று மாதத்துக்கு மேல் போகப்போகிறார் என்றால், அவர் புறப்படுவதற்குக் குறைந்தது 30 நாளைக்கு முன்னால் முதலாளி இதை வருமான வரி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய பிறகு ஊழியருக்குச் சேர வேண்டிய எந்தப் பணத்தையும் கொடுக்கக் கூடாது, வரித் தீர்வுக் கடிதம் வரும்வரை, அல்லது வாரியம் அந்தப் பாரத்தைப் பெற்றதில் இருந்து 90 நாள் ஆகும்வரை. வருமான வரிச் சட்டம் 83-ஆம் பிரிவு. அந்தப் பணம் கம்பெனிக்குச் சொந்தமில்லை, வரி ஏதாவது பாக்கியிருந்தால் வாரியத்துக்கு, மீதி ஊழியருக்கு. அதுவரை சும்மா பூட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வெளிநாட்டு ஆசிரியர்கள் பலர் இது தெரியாமல் "கடைசி மாசச் சம்பளத்தைத் தின்னுட்டாங்க" என்று கொதிக்கிறார்கள். சில இடங்களில் தின்னத்தான் செய்கிறார்கள். ஆனால் சட்டப்படி பிடித்து வைத்ததா, சும்மா பிடித்து வைத்ததா என்பதை ஒரே கேள்வியில் கண்டுபிடிக்கலாம்: சிபி21 அனுப்பினீர்களா, எந்தத் தேதியில்? அனுப்பவே இல்லையென்றால் 90 நாள் என்கிற கணக்கு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது, பணம் காலாகாலத்துக்கும் 'வரிக்காக' என்று சொல்லிக்கொண்டே கிடக்கும். தாமதமாக அனுப்புவதும் அனுப்பாததும் முதலாளியின் குற்றம், 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும்.

நவம்பர் முதல் வாரம் தம்பி தன் வரி எண்ணோடு வாரியத்தில் போய்க் கேட்டார். எதுவும் வரவில்லை என்றார்கள். ஆக மையம் 'வரி' என்று வாயால் சொன்னதே ஒழிய ஒரு தாளும் அனுப்பவில்லை. சரி, பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போதுதான், "உங்க ராஜினாமாக் கடிதத்தைக் காட்டுங்க, அதுல என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டேன். முத்திரையைத்தான் அதுவரை பார்த்திருந்தேன், கடிதத்தைப் படிக்கவில்லை.

அந்த வரி

நான்கே வரி. இரண்டாவது வரி இப்படி: குடும்பக் காரணங்களால் அக்டோபர் 31-க்குப் பிறகு நிரந்தரமாக இந்தியா திரும்ப முடிவு செய்திருக்கிறேன்.

"பினாங்கு வேலை?" என்றேன். தம்பி தரையைப் பார்த்தார். "வேற இடத்துக்குப் போறேன்னு எழுத ஒரு மாதிரி இருந்துச்சுக்கா. நல்லபடியா போகலாம்னு…"

நம்மில் யார்தான் ராஜினாமாக் கடிதத்தில் உண்மையை எழுதுகிறோம்? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கைக்குக் கல்யாணம், மேற்படிப்பு. முகம் முறியக் கூடாது என்று எழுதுகிற பொய், யாருக்கும் கெடுதல் இல்லை. உள்ளூர்க்காரனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பாஸில் இருக்கிற ஆளுக்கு அது அரசாங்கத்துக்குப் போகிற ஒரு தகவல். மலேசியாவுக்குள்ளேயே வேறு வேலைக்குப் போகிறவருக்கு சிபி21 கிடையாது. நாடு திரும்புகிறேன் என்று கைப்பட எழுதிக் கொடுத்தவருக்கு உண்டு. சம்பளத்தைப் பூட்டி வைக்கிற சாவியை அவரே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

அன்றைக்கே ஒரு திருத்தக் கடிதம் கொடுக்கச் சொன்னேன். 'முன்பு எழுதியது மாறிவிட்டது, மலேசியாவிலேயே வேறு வேலையில் சேரப்போகிறேன்' என்று இரண்டு வரி போதும். மாட்டேன் என்றார். "பொய் சொன்னது தெரிஞ்சிடும்கா." நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அந்தக் கூச்சத்துக்கு இரண்டு வாரம் போனது, நவம்பர் 20-ஆம் தேதிதான் கொடுத்தார். விவகாரம் முழுவதிலும் எனக்கு இன்னும் மனசு ஆறாத இடம் இதுதான்.

மையம் அனுப்பிய கணக்கு

நவம்பர் 4-ஆம் தேதி மையத்தில் இருந்து மின்னஞ்சலில் ஒரு கணக்கு வந்தது. எங்களிடம் உங்களுக்குச் சேர வேண்டியது 4,500. நீங்கள் எங்களுக்குத் தர வேண்டிய ஒப்பந்தப் பணம் 9,000. ஆகவே 14 நாட்களுக்குள் 4,500 ரிங்கிட் செலுத்தவும், செலுத்தினால்தான் வேறிடத்தில் சேர்வதற்கான விடுவிப்புக் கடிதம். நவம்பர் 15-ஆம் தேதி பாஸ் ரத்து செய்யப்படும். மூன்றும் ஒரே கடிதத்தில், ஒரே தொனியில். படிக்கிறவருக்கு எல்லாமே சட்டம் மாதிரிதான் தெரியும்.

பிரித்துப் பார்த்தோம்.

9,000-ஐச் சம்பளத்தில் கழிக்கவே முடியாது. முதலாளி எதையெல்லாம் கழிக்கலாம் என்று வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு வரையறுத்து வைத்திருக்கிறது: தவறுதலாகக் கூடக் கொடுத்துவிட்ட சம்பளம், முன்பணம், நோட்டீஸ் கொடுக்காமல் போனால் அதற்கு ஈடு, சட்டம் சொல்கிற வரி, சேமநிதி இந்த மாதிரி. 'ஆள் எடுத்த செலவு' அதில் இல்லை. தம்பி முழு நோட்டீஸும் கொடுத்திருக்கிறார். அந்த 9,000 வேண்டுமென்றால் மையம் தனியாக சிவில் கோர்ட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும், அங்கேயும் ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது, 1950 ஒப்பந்தச் சட்டம் 75-ஆம் பிரிவு நியாயமான ஈட்டைத்தான் தரச் சொல்கிறது. இதற்காக அந்த மாதிரி ஷரத்தெல்லாம் வெத்துவேட்டு என்று நினைத்துவிடக் கூடாது. தொகை நியாயமில்லை என்று காட்டுகிற பொறுப்பு கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விழுகிறது.

ஒரு வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது சுத்தமாகச் செல்லாது. அதே ஒப்பந்தச் சட்டம் 28-ஆம் பிரிவு. வேலையை விட்ட பிறகு ஒருவர் பிழைப்பைத் தடுக்கிற ஒப்பந்தம் மலேசியாவில் செல்லாது, வியாபாரத்தை விற்றவர், கூட்டாளிகள் என்று இரண்டு மூன்று விலக்குகள்தான் உண்டு, வாத்தியார் அதில் வரமாட்டார். ஒரு வருடம், பத்து கிலோமீட்டர், இந்தத் தேர்வு, அந்த நிலை என்று எவ்வளவு சின்னதாக எழுதினாலும் கதை அதுதான். ஆனாலும் மொழி மையங்கள் இதை எழுதிக்கொண்டேதான் இருக்கின்றன, வாத்தியார்கள் பயந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

கடப்பிதழைப் பற்றி ஒரே வரி: அடுத்தவர் கடப்பிதழை உரிமையில்லாமல் வைத்திருப்பது 1966 கடப்பிதழ் சட்டப்படி குற்றம், 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஐந்து வருடம் வரை சிறை அல்லது இரண்டும். இதைச் சண்டைக்கு முன்னாலேயே, செப்டம்பரில் வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஞாபகப்படுத்தி அவர் வாங்கிவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர்.

பாஸ் ரத்துதான் உண்மையான கத்தி. ரத்து செய்வது மையத்தின் உரிமை மட்டுமில்லை, வேலை முடிந்தபின் அதன் கடமையும்கூட. ரத்தானால் புறப்பட வேண்டும், அல்லது இமிகிரேஷனில் சிறப்பு பாஸ் கேட்க வேண்டும். அது குறுகிய காலத்துக்குத்தான் கிடைக்கும், கொடுப்பதும் அவர்கள் இஷ்டம், வேலை செய்யவும் முடியாது. சம்பள வழக்குப் போட்டுவிட்டு அதை நடத்தத் தங்க வழியில்லாமல் ஆள் ஊருக்குப் போய்விடுவது தோட்டத் தொழிலாளிக்கும் நடக்கிறது, வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் நடக்கிறது. 1991-இல் தொடங்கிய தெனகானித்தா போன்ற தொழிலாளர் உரிமை அமைப்புகள் இதைத்தான் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கின்றன. டை கட்டின வாத்தியாருக்கும் அதே கதி என்பது தம்பிக்கு அன்றுதான் உறைத்தது. "டியூஷன் ஏதாச்சும் எடுத்து ஓட்டட்டுமா?" என்று கேட்டார். எடுக்கவே கூடாது என்றேன். பாஸ் ஒரு முதலாளிக்கு மட்டும்தான், மீறினால் மையத்துக்கு நாமே கம்பு எடுத்துக் கொடுத்த மாதிரி.

சனிக்கிழமைகளை எண்ணியது

நவம்பர் 5-ஆம் தேதி ராத்திரி ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தீபாவளி விளக்குகளை இன்னும் கழற்றவில்லை. தே தாரிக் ஆறிப்போய் மேலே ஆடை படிந்துவிட்டது.

அக்டோபர் சம்பளம் 4,500, அதில் சிக்கல் இல்லை. எடுக்காத விடுப்பு 6 நாள்: மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 173.08, ஆறு நாளுக்கு 1,038.46.

சனிக்கிழமை வகுப்புக்கு முதலில் ஓவர்டைம் கேட்கலாம் என்று நினைத்தோம். முடியவில்லை. சட்டம் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு கோடு இருக்கிறது: மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு ஓவர்டைம், ஓய்வு நாள் வேலை, பொது விடுமுறை வேலை இவற்றுக்கான கூடுதல் சம்பள விதிகள் கிடையாது. வாரத்துக்கு 45 மணி நேர வரம்பு மட்டும் அவர்களுக்கும் உண்டு. தம்பி அந்தக் கோட்டைத் தாண்டி 500 ரிங்கிட் அதிகம் வாங்குகிறார். ஆகவே மிச்சம் ஒப்பந்தத்தில் இருந்த 50 ரிங்கிட்தான். 22 வகுப்பு, 44 மணி நேரம், 2,200 ரிங்கிட்.

'எழுத்துமூல ஒப்புதல்' எங்கே? வாட்ஸ்அப்பில். ஆசிரியர் குழுவில் வெள்ளிக்கிழமை சாயந்திரம் தவறாமல் ஒரு செய்தி வரும்: நாளை 10 மணி, ஏ2, மூன்றாம் எண் அறை, அவர் பெயர். நான் சொல்லச் சொல்ல அவர் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். ஏப்ரல் 5, இருக்கிறது. அடுத்த வாரம் நோன்புப் பெருநாள், வகுப்பில்லை. அடுத்தது இருக்கிறது. இப்படி ஜூலை 20-ஆம் தேதி வகுப்பு வரை பதின்மூன்று. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை, காலி. ஜூலை கடைசியில் யாரோ குழுவில் 'தானாக மறையும் செய்தி' அமைப்பைப் போட்டிருக்கிறார்கள், ஏழு நாளில் எல்லாம் அழிந்துவிடும். வேண்டுமென்றே செய்தார்களா, யாராவது சும்மா அமுக்கினார்களா, தெரியாது. ஒன்பது சனிக்கிழமை காற்றில் போய்விட்டது. மாணவர் வருகைப் பதிவு மையத்தின் கணினியில்தான் இருக்கிறது.

இருந்த பதின்மூன்றையும் அங்கேயே படம் பிடித்தோம், தேதியும் எண்ணும் தெரிகிற மாதிரி. முடிகிறபோது மணி பன்னிரண்டு.

திரும்பிப் போகும் டிக்கெட்டும் கேட்க வேண்டும் என்றார். 'ஒப்பந்தக் காலத்தை முடித்தால்' என்று எழுதியிருக்கிறது, முடிக்கவில்லை, விடுங்கள் என்றேன். செல்லாத ஒன்றைச் சேர்த்தால் செல்லுகிறதும் வலுவிழக்கும்.

லேபர் ஆபீஸ்

நவம்பர் 6-ஆம் தேதி தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்தார். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 2021-இல் சரவணன் மனிதவள அமைச்சராக இருந்தபோது தொடங்கிய கைத்தொலைபேசிச் செயலியிலும் புகார் கொடுக்கலாம், ஆனால் தேதி ஓடுகிற ஆளுக்கு நேரில் போய் முத்திரை வாங்குவதுதான் நல்லது என்பது என் கருத்து. வேலை நீக்கமாக இருந்திருந்தால் வழியே வேறு, 1967 தொழில் உறவுச் சட்டப்படி 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறைக்குப் போயிருக்க வேண்டும். இவர் தானாக விலகினவர், அந்தக் கதவு இல்லை.

புகார் கொடுத்த ரசீதின் நகலை அன்றைக்கே மையத்துக்கு அனுப்பினார். நவம்பர் 15 வந்தது, போனது. பாஸ் ரத்தாகவில்லை. மிரட்டல்தான் போலிருக்கிறது.

27-ஆம் தேதி இரு தரப்பையும் கூப்பிட்டார்கள். நான் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததைத் தம்பி அன்று சாயந்திரமே ஒன்றுவிடாமல் சொன்னார்.

மையத்தின் சார்பில் கணக்காளர் வந்திருந்தார். அதிகாரி முதலில் 9,000-ஐ எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டார், "இது இங்கே இல்லை, வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்". தம்பிக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது. அடுத்து அக்டோபர் சம்பளம். கணக்காளர் ஒரு தாளை எடுத்து வைத்தார்: சிபி21, நவம்பர் 25-ஆம் தேதி அனுப்பியது. இரண்டே நாளைக்கு முன்னால். தம்பி, தான் நாடு திரும்பவில்லை, 20-ஆம் தேதியே திருத்தக் கடிதம் கொடுத்தாயிற்று என்றார். அதிகாரி ராஜினாமாக் கடிதத்தை எடுத்து இரண்டாவது வரியைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இதை எழுதியது நீங்கள்தானே?" என்று கேட்டிருக்கிறார். கோபமாகக்கூட இல்லையாம், சாதாரணமாக. வேலை முடிந்து மூன்று வாரம் கழித்து வந்த திருத்தத்தை எப்படி எடுத்துக்கொள்வது, முதலாளி முதல் கடிதத்தை நம்பியது தப்பா என்றும் கேட்டார். பாரம் தாமதமாகப் போனதைப் பற்றி இவர் சொன்னபோது, அது வரி வாரியத்தின் விஷயம், அங்கே புகார் கொடுங்கள் என்றார்.

அதுவும் சரிதான். பணம் ஓர் இலாகா, பாஸ் ஓர் இலாகா, வரி ஓர் இலாகா. ஒரே மையம் ஒரே கடிதத்தில் மூன்றையும் சேர்த்துக் கட்டி மிரட்டலாம், நாம் மட்டும் மூன்று படியேறி மூன்று முறை சொல்ல வேண்டும்.

ஆக 90 நாள் கணக்கு நவம்பர் 25-இல்தான் ஆரம்பித்தது, பிப்ரவரி 23-இல் முடியும், தீர்வுக் கடிதம் முன்னால் வந்தால் முன்னால். சனிக்கிழமை வகுப்புகளுக்குக் கணக்காளர் "எழுத்தில் ஒப்புதல் இல்லை" என்றார். பதின்மூன்று படங்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினதும் பேச்சு நின்றது. மீதி ஒன்பதுக்கு வருகைப் பதிவைக் கொண்டுவரச் சொல்லி முழு விசாரணைக்குப் போகலாம், அதற்கு இன்னொரு தேதி, அநேகமாக அடுத்த வருடம். தம்பி விட்டுவிட்டார். நான் இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டேன், ஆனால் என் பாஸ் ஒன்றும் ரத்தாகப்போவதில்லையே.

எழுத்தில் ஒப்பந்தமானது: சம்பளம் 4,500, விடுப்பு 1,038.46, பதின்மூன்று சனிக்கிழமைக்கு 1,300, மொத்தம் 6,838.46, வரித் தீர்வு வந்த ஏழு நாளுக்குள். 9,000 கிடையாது. விடுவிப்புக் கடிதம் மூன்று நாளில்.

அப்புறம்

விடுவிப்புக் கடிதம் 29-ஆம் தேதி கைக்கு வந்தது. பினாங்குக்காரர்கள் அதுவரை பொறுமையாகத்தான் இருந்தார்கள். ஆனால் ஜனவரி முதல் வாரம் வகுப்பு ஆரம்பம், புதுப் பாஸுக்கு விண்ணப்பித்து அது வருவதற்குள் பருவம் பாதி போய்விடும் என்று கணக்குப் போட்டு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். நவம்பர் முதல் வாரமே அந்தத் திருத்தக் கடிதம் போயிருந்தால் என்று நான் இப்போதும் நினைப்பதுண்டு. தம்பியிடம் சொன்னதில்லை.

டிசம்பரில் பாஸ் ரத்தானது. 19-ஆம் தேதி சென்னைக்கு விமானம் ஏறினார், அங்கிருந்து கடற்கரைச் சாலை பஸ். கடிதத்தில் எழுதின பொய் கடைசியில் நிஜமாகிவிட்டது என்று ஏறுமுன் அவரே சிரித்தார். இங்கிருக்கும் வங்கிக் கணக்கை மூடிவிட்டுப் போகவிருந்தார், நான்தான் தடுத்தேன், அந்தப் பணம் பின்னே எதில் வரும்? ஜனவரி 9-ஆம் தேதி வந்தது. வரி கொஞ்சம் போக மீதி.

அவர் காலத்தில் இல்லாத ஒன்று இப்போது சேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபர் சம்பளத்தில் இருந்து வெளிநாட்டு ஊழியருக்கும் ஊழியர் சேமநிதி கட்டாயம், ஊழியர் 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. நாட்டை விட்டுப் போகும்போது அதை எடுத்துக்கொள்ளலாம். விலகுகிறவர்கள் கட்டியிருக்கிறார்களா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், கடைசி நாளன்று பார்த்தால் அதற்கும் ஒரு சண்டை.

போன மாதம் அதே மையத்தில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் ஒரு சென்னைப் பெண் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். தம்பிதான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். "அக்கா, கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க" என்று ஒரு கடிதம், மூன்றே வரி. இரண்டாவது வரி 'குடும்பக் காரணங்களால்' என்று ஆரம்பித்தது. எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்டேன். ஜொகூரில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். அந்த வரியை அடித்துத் திருப்பி அனுப்பினேன்.